சின்னக் கப்பலில் வருகிறவனுக்கு

றொரன்ரோவில் வாழும் நண்பன் ஒருவன் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். 1986இல் கனடா சென்றவன். கடந்த பத்து ஆண்டுகளில் மனைவியோடு நான்கு முறை கரிபியன் கடலில் உல்லாசக் கப்பற்பயணம் போய் வந்திருக்கிறான். இம்முறை தமிழ்நாட்டுக் கோவில்களைப் பார்த்து முடித்து, நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்கவேண்டும் என்பது அவனது எண்ணம். "சின்னக் கப்பலாம், 150 பேர்தானாம். மச்சான், அதில் வந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

விடை எளிதாகவே இருந்திருக்கலாம். எத்தனை மணி நேரம், எவ்வளவு பொதி, வாந்தி வராமலிருக்க என்ன செய்வது என்று நான்கு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் கேட்டவன் அவன். இந்நாட்டுக் கடலில் அவன் கடைசியாகப் பயணம் செய்த கப்பலில் நானும் இருந்தேன். அதனால் சற்று நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அவன் பழகிய கப்பல்களைப் பற்றி. 2024இல் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' என்ற கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். நெடுந்தீவில் வாழும் அத்தனை பேரையும் ஏற்றிய பின்னரும் அதில் இடம் மிஞ்சும். இருபது தளங்கள், நீச்சல் தடாகங்கள், நாடக அரங்கு எல்லாம் உண்டு. இத்தகைய கப்பல் கடலை மறக்கச் செய்வதற்காகவே கட்டப்படுவது. நண்பனும் அதை ஒப்புக்கொள்கிறான். மூன்றாம் நாள் இரவு உணவின்போதுதான் தான் கடலில் இருப்பது நினைவுக்கு வந்ததாம், அதுவும் மேசைமீது இருந்த தண்ணீர்க் குவளை மெல்ல அசைந்ததனால்.

நமது வடகடலில் அந்தக் கப்பலுக்கு வேலை இல்லை. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளில் சில இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். இதனால் இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றியே போகின்றன. அதை மாற்றுவதற்காக 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் வழக்குகளில் சிக்கி நின்றுபோனது. இக்கடலில் சின்னக் கப்பல் என்பது வசதியில்லாதவனின் தெரிவு அன்று. கடலே வகுத்த அளவு அது.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் இரண்டு வகைக் கப்பலையும் பார்த்து வளர்ந்தவர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். வடக்கே முகத்துவாரம். அதற்கும் மட்டக்குளிக்கும் அப்பால் களனி கங்கை கடலில் விழுகிறது. மகாவம்சத்தில் கல்யாணி என்று வருவது இந்த நதிக்கரைதான். 1875இல் அடிக்கல் நாட்டி எழுப்பிய அலைதடுப்புச் சுவர் வந்த பின்னர், காலியின் இடத்தைக் கொழும்பு பிடித்துக்கொண்டது. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் பெரிய பயணிகள் கப்பல்கள் இங்கே தரித்து நின்றன. மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் இலண்டன் போன எங்கள் மூத்த தலைமுறை, மாலை போட்டுப் படம் பிடித்துக்கொண்டு புறப்பட்டது அவற்றில்தான். சாதாரண மக்கள் தூத்துக்குடிக்குப் போன கப்பல்கள் வேறு. அவற்றின் வாசலில் யாரும் படம் பிடித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வரலாறு நடந்தது அந்தத் தூத்துக்குடிக் கப்பல்களில். 1906இல் வ.உ.சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பனியைப் பதிவுசெய்தது தூத்துக்குடி–கொழும்புப் பாதையை ஆங்கிலேயக் கம்பனியின் கையிலிருந்து பறிப்பதற்காகவே. காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. கட்டணப்போர் மூண்டது. எதிர்க்கம்பனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்று ஒரு கதை வழங்குகிறது. குடை உண்மையோ பொய்யோ, 1908 மார்ச்சில் சிதம்பரம்பிள்ளை கைதானதும் கம்பனி தளர்ந்தது உண்மை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் வாங்கியது போர்க்கப்பல் அல்ல. மூட்டை முடிச்சோடு கொழும்புக்கு வரும் வியாபாரியையும் கூலியாளையும் ஏற்றும் கப்பல். அதற்கே அரசு அவ்வளவு அஞ்சியது.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் பாதை மாறியது. சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டை வாங்கினால் தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பல், பின் மீண்டும் இரயில், விடிந்தால் கொழும்புக் கோட்டை. 'போட் மெயில்' என்று அதற்குப் பெயர். நடுவிலிருந்த கடல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். முதலில் ஓடிய நீராவிக் கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று வைசிராய்களின் பெயர்கள். பின்னர் கோஷன், இர்வின். ஆண்டவர்களின் பெயர்கள் கப்பலின் முன்புறம் எழுதப்பட்டிருந்தன. உள்ளே போனவர்களில் பெருந்தொகையினர் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்ட பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர்கள். திருச்சியிலிருந்து கச்சேரிக்கு வந்த வித்துவான்களும், திருநெல்வேலிச் செட்டிமாரும், சென்னையில் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அதே கப்பலில்தான் வந்தார்கள். கப்பல் சிறிதானால் வகுப்புகளுக்கு இடையிலுள்ள சுவரும் மெல்லியதாகிவிடும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த இரயில் ஒன்றையும் கடல் கொண்டுபோனது. அதற்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது அந்த ஒப்பந்தம். பிற்காலத்தில் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய 'இராமானுஜம்' என்ற கப்பல் அவர்களைச் சுமந்தது. அவர்களை மலையிலிருந்து இறக்கிய இரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். நூறு ஆண்டு உழைத்த மக்களுக்கு இந்த நாடு கொடுத்த கடைசி இடம் ஒரு சின்னக் கப்பலின் மேற்தளம். இதைப் பற்றி நாங்கள், வடக்குத் தமிழரும் கொழும்புத் தமிழரும், அன்று போதிய அளவு எழுதவில்லை என்ற குறை என் தொழிலின் மீது எனக்கு உண்டு. எங்கள் முறை வந்தபோதுதான் கப்பல் என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் முறை பல தடவை வந்தது. 1958 கலவரத்தின்போது கொழும்பு முகாம்களில் இருந்தவர்கள் கப்பலேற்றி வடக்கே அனுப்பப்பட்டார்கள். 1977இல் 'லங்கா ராணி' போனது. அந்தப் பயணத்தை அதே பெயரில் அருளர் நாவலாக எழுதினார். 1983 ஜூலைக்குப் பின்னர் 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலும், இந்தியாவிலிருந்து வந்த 'சிதம்பரம்' உள்ளிட்ட வேறு கப்பல்களும் அகதிகளைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்றன. கல்யாணி என்பது களனியின் பழைய பெயர் என்று மேலே சொன்னேன். பெயர் வைத்தவர்கள் எதை நினைத்து வைத்தார்களோ நானறியேன். களனி கடலில் கலக்கும் ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்களை அந்தப் பெயரே ஏற்றிச் சென்றது.

நானும் நண்பனும் ஏறிய கப்பலின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை எரிந்தது ஜூலை 25, திங்கட்கிழமை. இரண்டு வீடுகள் தள்ளியிருந்த சிங்களக் குடும்பம் ஓரிரவு எங்களை ஒளித்துவைத்தது. அதன் பின்னர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம். துறைமுகத்துக்கு எங்களை இராணுவக் காவலோடு பேருந்துகளில் கொண்டுபோனார்கள். அவன் குடும்பம் ஒரு கோவில் மண்டபத்திலிருந்து வந்திருந்தது. துறைமுகத்தின் பக்கத்திலேயே பிறந்தவன், துறைமுகத்துக்குள் அன்றுதான் முதன்முதலாக வந்தான்.

சரக்கு ஏற்றும் கப்பலில் மனிதருக்கு இருக்கை ஏது? மேற்தளத்திலும் கீழே சரக்கறையிலும் இருந்த இடத்தில் விரித்ததை விரித்துப் படுத்தோம். கழிப்பிடத்துக்கு வரிசை. தண்ணீருக்கு வரிசை. கப்பல் புறப்பட்டதும் ஒரு குழப்பம். வடக்கே போகவேண்டிய கப்பல் தெற்கே திரும்பியது. எங்களை வேறெங்கோ கொண்டுபோகிறார்கள் என்று சரக்கறையில் ஒருவர் கத்த, பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். கப்பலாள் ஒருவர் வந்து விளக்கினார்: மன்னார்ப் பக்கம் ஆழமில்லை, காலி, அம்பாந்தோட்டை, மட்டக்களப்பு, திருகோணமலை என்று சுற்றித்தான் போகவேண்டும். யாழ்ப்பாணம் போக இலங்கை முழுவதையும் சுற்றிக் காட்டினார்கள். விரட்டிய நாட்டை இப்படிச் சுற்றிக் காட்டும் பயணம் வேறு எந்த மக்களுக்கு வாய்த்திருக்கும்? அந்த ஒரு பகலும் இரண்டு இரவும் இடது பக்கம் கரை விளக்குகள் தெரிந்துகொண்டே வந்தன. தெவுந்தர முனையின் வெளிச்சவீடு சுழல்வதை நானும் அவனும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அவனது அம்மாவின் மடியில் ஒரு மலிபன் பிஸ்கட் தகரம் இருந்தது. எங்களுக்கும் அருகிலிருந்த பிள்ளைகளுக்கும் ஆளுக்கு இரண்டாக அவர் பகிர்ந்தார். பிஸ்கட் தீர்ந்த பின்னர் தகரத்தின் அடியில் ஒரு பொலித்தீன் பை தெரிந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டு உறுதி, அவனது பள்ளித் தேர்ச்சி அறிக்கை. வீட்டைவிட்டு ஓடும்போது பிஸ்கட்டை எடுத்து வந்தாரா, பத்திரங்களை எடுத்து வந்தாரா என்று பின்னாளில் அவனைக் கேட்டேன். அம்மா பத்திரங்களை எப்போதும் அந்தத் தகரத்தில்தான் வைப்பாராம். 1958க்குப் பிறகு வந்த பழக்கம் என்றான்.

இரண்டாம் நாள் விடியலில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிந்தது. கரையில் ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களோடு நின்றார்கள். எங்கள் ஊர் என்று அதுவரை நான் நினைத்திருந்தது வெள்ளவத்தையை. அப்பாவின் ஊர் சித்திரைக்கும் கோவில் திருவிழாவுக்கும் போகும் இடம். அன்று பொட்டலத்தைக் கையில் வாங்கிய பின்னர் அந்தக் கணக்கு மாறிப்போனது.

போர்க்காலக் கப்பல்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். தரைப்பாதை அடைபட்டிருந்த ஆண்டுகளில் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடிய சிறு கப்பல்களே யாழ்ப்பாணத்தின் மூச்சுக்குழாய். அந்தக் கடலும் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1995 ஓகஸ்டில் 'ஐரிஷ் மோனா' என்ற பயணிகள் கப்பலை விடுதலைப் புலிகள் கைப்பற்றினார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் நாள் மீண்டும் மூடியது. கப்பலேறப் படையினரின் அனுமதி வேண்டும், பெயர்ப்பட்டியலில் இடம் வேண்டும், அதன் பின்னர் காலநிலை இடம்கொடுக்க வேண்டும். அப்படி வந்து சேர்ந்தவர்கள் தங்கியது எங்கே? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள விடுதிகளில். வெளிநாட்டு விசாவுக்கும், வைத்தியத்துக்கும், காணாமற்போன மகனைப் பற்றி விசாரிப்பதற்கும் வந்தவர்கள். 2007 ஜூன் 7 அதிகாலையில் அந்த விடுதிகளிலிருந்து 376 தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. அன்று காலை என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள ஒரு விடுதியின் வாசலில் நின்றேன். பாதி உடுத்த சேலையோடு இறக்கப்பட்ட மூதாட்டி ஒருவர், "கப்பலிலை வந்தனான் தம்பி, பஸ்ஸிலை எப்பிடித் திரும்பிப் போறது, பாதை பூட்டிக் கிடக்கெல்லோ" என்று கேட்டார். பூட்டிய பாதையின் வாசலில் கொண்டுபோய் விடுவதற்குத்தான் அந்தப் பேருந்துகள் வந்திருந்தன.

2009இல் 'கிறீன் ஓஷன்' என்ற கப்பல் புதுமாத்தளன் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டது. காயப்பட்டவர்களை மீன்பிடி வள்ளங்களில் கொண்டுபோய் அதில் ஏற்றினார்கள். பெப்ரவரியிலிருந்து மே வரை, நோயாளரும் உடன்சென்றோருமாக 13,000க்கும் மேற்பட்டோரைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு இவ்வாறு கடல்வழியே வெளியேற்றியது. இதற்கு மேல் இந்தப் பந்தியில் எழுத எனக்கு வரவில்லை.

போர் முடிந்த பின்னர் 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புச் சேவை மீண்டும் தொடங்கியது. கொண்டுவந்த கப்பல் 'ஸ்கோஷியா பிரின்ஸ்'. ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடியது, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே ஓடியது. கப்பலுக்கு ஏற்ற கூட்டம் சேரவில்லை. அந்த ஆண்டு நவம்பரோடு நின்றது. அளவு பிழைத்தால் ஆசை மட்டும் போதாது.

2023 ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்திலிருந்து 'செரியபாணி' காங்கேசன்துறைக்கு வந்தபோது அதில் இருந்தவை 150 இருக்கைகள். ஒரு வாரத்தில் வடகீழ்ப் பருவம் தொடங்கிச் சேவை நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆம் நாள் 'சிவகங்கை' தொடர்ந்தது. மழைக்காலத்தில் நின்று 2025 பெப்ரவரியில் மறுபடியும் ஓடியது. நிற்பதும் ஓடுவதுமாகத்தான் இந்தச் சேவையின் வரலாறு அமையப்போகிறது. 2024 செப்டெம்பரில் நான் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போனேன். ஆகவே நண்பனின் கேள்விக்கு இனி நேராகவே விடை சொல்லலாம்.

தூரம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். கடலில் இருப்பது நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள். கரையில் குடிவரவு, சுங்கம், பொதி நிறுத்தல் என்று காத்திருப்பதும் ஏறக்குறைய அவ்வளவு. உனக்கு அறை கிடையாது, இருக்கை உண்டு. சின்னக் கப்பலின் முனை கூடுதலாகத் துள்ளும், ஆகவே நடுப்பகுதியில் உட்கார். வெறும் வயிற்றோடு ஏறாதே, வயிறு முட்டவும் சாப்பிடாதே. இரண்டு இட்லி போதும். குமட்டினால் கைத்தொலைபேசியைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார். நான் இஞ்சித் துண்டை மென்றேன், பயன் கிடைத்தது. பொதி அனுமதி அடிக்கடி மாறுகிறது, சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள். பயணம் இரத்தானால் கோபிக்காதே. காற்று எழுந்தால் இந்தக் கடலில் கர்சன் பிரபுவின் கப்பலும் காத்துத்தான் கிடந்தது. ஆகவே மறுநாளே திருமணவீடு என்று நாள் வைத்துக்கொண்டு வராதே.

பெரிய கப்பலில் கிடைக்காத ஒன்று இதில் உண்டு. நான்கு மணி நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் யாரென்று தெரிந்துவிடும். எனக்கு அருகில் இருந்தவர் 1990இல் மன்னாரிலிருந்து இரவோடிரவாகப் படகேறியவர். படகுக்காரனுக்குக் கொடுத்தது மனைவியின் தாலிக்கொடி. மண்டபம் முகாமில் தொடங்கித் தமிழ்நாட்டு முகாம்களிலேயே அவரது வாழ்க்கையின் பெரும்பகுதி போய்விட்டது. காணி பார்க்க வந்து திரும்பிக்கொண்டிருந்தார். சீட்டையும் கடவுச்சீட்டையும் அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தார். "முத்திரை குத்தி, சீட்டுக் கிழிச்சு, கதிரையிலை இருந்து இந்தக் கடலைத் தாண்டுறன் தம்பி, நம்பேலாமல் கிடக்கு" என்றார். காங்கேசன்துறைக் கரை மறையும் வரை யன்னலைவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

இவ்வளவையும் சொன்ன பின்னர் நண்பன் சிறிது நேரம் பேசாமலிருந்தான். பிறகு, அம்மாவின் தகரம் இன்னும் தன்னிடம் இருப்பதாகச் சொன்னான். அம்மா 2014இல் றொரன்ரோவில் காலமானார். வீட்டு உறுதி அதற்குள்ளேயே இருக்கிறதாம், வீடுதான் இல்லை. அதையும் கொண்டுவரலாமா, பொதி நிறுப்பவர்கள் ஏதும் கேட்பார்களா என்று விசாரித்தான். கையில் வைத்துக்கொண்டு ஏறலாம் என்றேன். மழைக்கு முன், செப்டெம்பர் முடிவதற்குள், சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.